அறைக்குள் எத்தனை பேர்? ஆள் எண்ணும் சென்சார் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக வாசிப்புக் கூடம், பயிற்சி வகுப்பு, கருத்தரங்க அறை, உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களில் "இப்போது உள்ளே எத்தனை பேர்?" என்பதை அறிய விரும்புவோருக்காக இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுக்கு ஒரு வாசிப்புக் கூடத்தை வைத்துக்கொள்வோம்: 60 இருக்கை, 3 அடி அகலத்தில் ஒரே கதவு, காலை முதல் இரவு வரை வந்து போகும் ஆட்கள். கணக்குகள் எல்லாம் இந்தக் கூடத்துக்கே போட்டவை. உங்கள் அறைக்கு எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்சார் வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை அப்படியே கிடைத்துவிடுமா?

கிடைக்காது. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வாசலில் வைக்கும் சென்சார் உள்ளே இருப்பவர்களை எண்ணுவதில்லை. வாசலைக் கடப்பவர்களைத்தான் எண்ணுகிறது. உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்களைக் கழித்து நாம்தான் மிச்சத்தைக் கணக்கிடுகிறோம். கடப்பதில் ஒரு பிழை நேர்ந்தால் அது தானாகச் சரியாகாது. அடுத்த பிழை அதன்மேல் ஏறி உட்காரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நுழைபவர்களில் 100க்கு 2 பேரையும் வெளியேறுபவர்களில் 100க்கு ஒருவரையும் சென்சார் தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சென்சார்தான். மாலைக்குள் 350 பேர் உள்ளே போய் 340 பேர் வெளியே வந்திருந்தால் உள்ளே இருப்பவர்கள் 10 பேர். சென்சார் கணக்கில் நுழைவு 343, வெளியேற்றம் 337, மிச்சம் 6. கடப்பதில் 98 சதவீதம் சரி, அறைக் கணக்கில் 40 சதவீதம் தவறு. விற்பவர்கள் சொல்லும் "98 சதவீதத் துல்லியம்" முதல் வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. இந்தப் பிழையைச் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல்.

எந்த வகை சென்சாரை வாங்குவது?

கடைகளில் முதலில் கையில் கொடுப்பது எச்.சி-எஸ்ஆர்501 போன்ற பிஐஆர் சென்சார், அதாவது உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார். அது அசைவு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஒருவரா பத்துப் பேரா என்பது அதற்குத் தெரியாது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவரையும் அது மறந்துவிடும். எண்ணுவதற்கு உதவாது.

கதவின் இரு பக்கமும் அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி, கதிர் மறையும்போது எண்ணுவது பழைய முறை. ஒற்றைக் கதிரில் திசை தெரியாது. இரண்டு கதிர்களை அடுத்தடுத்து வைத்தால் எது முதலில் மறைந்தது என்பதிலிருந்து திசை கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்ப்பதால் இருவர் சேர்ந்து வந்தால் ஒருவர் மற்றவரை மறைத்துவிடுவார். வீசி நடக்கும் கையும் தொங்கும் பையும் தனியாளாக எண்ணப்படும். எந்நேரமும் ஒருவர் மட்டுமே போகக்கூடிய குறுகிய வழிக்கு மட்டும் இது போதும்.

நம் எடுத்துக்காட்டுக் கூடத்துக்கு ஏற்றது மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் தூர அளவி. எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் விஎல்53எல்1எக்ஸ் சிப் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லும். கண்ணுக்குக் கேடில்லாத முதல் வகுப்பு லேசர். பார்வைக் கோணம் மூலைக்கு மூலை 27 டிகிரி. ஒளியை வாங்கும் பரப்பு 16க்கு 16 கட்டங்கள் கொண்டது. அதில் எந்தப் பகுதியைப் பயன்படுத்துவது என்று நாமே சொல்லலாம். இந்த வசதியால்தான் ஒரே சிப்பை "வெளிப்பக்கம்", "உள்பக்கம்" என இரண்டு கண்களாகப் பிரித்துத் திசையைக் கண்டுபிடிக்க முடிகிறது.

வெப்பக் கட்டச் சென்சார், உதாரணமாக 8க்கு 8 கட்டம் கொண்ட ஏஎம்ஜி8833, குளிர்சாதன அறையில் நன்றாக வேலை செய்யும். 24 டிகிரி அறையில் மனித உடல் பளிச்சென்று தெரியும். ஆனால் மே மாத மதியத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் வெப்பநிலை 35ஐத் தொடும்போது தோலின் வெப்பமும் சுவரின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது அந்தச் சென்சாருக்கு ஆள் இருப்பதே தெரியாது. குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து இதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமான வாசல், கும்பல் கும்பலாக வரும் கூட்டம் என்றால் இரட்டைக் கண் கொண்ட முப்பரிமாணக் கேமராச் சென்சார்தான் சரி. விலை அதிகம். ஆனால் மற்ற எதுவும் அந்த இடத்தில் நிற்காது.

பார்வையாளர்களின் செல்போன் வைஃபையை வைத்து எண்ணலாம் என்கிறார்களே?

ஒரு காலத்தில் ஓரளவு முடிந்தது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் தங்கள் வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. ஒரே போன் ஒரு மணி நேரத்தில் பல போன்களாகத் தெரியலாம். ஒருவரிடம் இரண்டு போன் இருக்கும், இன்னொருவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். மேலும், இது ஆட்களை அவர்கள் அறியாமல் பின்தொடரும் வேலை. வேண்டாம்.

ஒரு வாசலுக்கு என்னென்ன பொருள்கள் தேவை?

வைஃபை வசதி கொண்ட சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32 போர்டு ஒன்று. விஎல்53எல்1எக்ஸ் மாட்யூல் (அந்தச் சிப் பொருத்திய சிறு பலகை) ஒன்று; அதில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் தரவு வயர்களுக்கான புல்-அப் ரெசிஸ்டர்களும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், தரமானது. போர்டுக்குப் பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்க 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சிறிய பிளாஸ்டிக் பெட்டி. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும் எல் வடிவ இரும்புப் பட்டை. அரை மீட்டருக்குள் நான்கைந்து வயர்கள்.

தரவைச் சேகரிக்க ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி அல்லது சும்மா கிடக்கும் பழைய கணினி ஒன்று போதும். அதில் போர்டு அனுப்பும் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் எம்க்யூடிடி சர்வரும், அவற்றைத் திரையில் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளும் ஓடட்டும். இஎஸ்பி32 போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும் என்பதை நினைவில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கொடுக்கும் ரூட்டரில் அது எத்தனை முறை முயன்றாலும் இணையாது.

சென்சாரை எங்கே, எந்த உயரத்தில் மாட்டுவது?

பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

தரையிலிருந்து 2.3 முதல் 2.6 மீட்டர் உயரம் நல்லது. நம் ஊர்க் கதவு 7 அடி, அதாவது 2.1 மீட்டர். அதன் நிலைச்சட்டத்தின் அடியிலேயே ஒட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 1.8 மீட்டர் உயரமுள்ளவரின் தலை அப்போது சென்சாருக்கு 30 சென்டிமீட்டர் அருகில் வந்துவிடும். அந்தத் தூரத்தில் சென்சார் பார்க்கும் அகலமே 10 சென்டிமீட்டர்தான். இரண்டு கண்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைப் பார்க்கும், திசை குழம்பிவிடும்.

2.4 மீட்டரில் மாட்டினால் சராசரி ஆளின் தோள் சுமார் 1.05 மீட்டர் தள்ளி இருக்கும். 27 டிகிரி என்பது மூலைக்கு மூலை அளவு என்பதால் பக்கவாட்டில் கிடைப்பது 19 டிகிரி. 1.05 மீட்டரில் அது 35 சென்டிமீட்டர் அகலம். போதாதே என்று தோன்றும். ஆனால் ஒருவரின் தோள் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் கதவில் எந்த ஓரமாக ஒட்டி நடந்தாலும் உடலின் ஒரு பகுதி நடுப்பகுதியைத் தொட்டே ஆக வேண்டும். அதனால் 3 அடிக் கதவுக்கு ஒரு சென்சார் போதும். 4 அடிக் கதவில் ஓரமாகப் போகிறவர் பார்வையின் விளிம்பில் வந்து நழுவிவிடுவார். 1 மீட்டருக்கு மேல் அகலமென்றால் ஒரு சென்சாரை நம்பாதீர்கள்.

அடுத்து சுவர். கதவுக்கு மேல் 30 சென்டிமீட்டர் சுவர் இருந்து, அதன் மேல் சென்சாரை ஒட்டி வைத்தால் சுவரே பார்வைக்குள் வந்துவிடும். எல் பட்டை எதற்கென்றால் இதற்குத்தான். 8 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் சுவர் படாது.

கதவுப் பலகை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உள்ளே திறக்கும் கதவென்றால் சென்சார் வெளிப்பக்கம், வெளியே திறந்தால் உள்பக்கம். தவறிப்போய்க் கதவு திறக்கும் பக்கத்தில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் கதவுப் பலகையே ஓர் ஆளாக எண்ணப்படும். தானாக மூடும் கதவென்றால் போகும்போது ஒன்று, மூடும்போது இன்னொன்று.

மேற்குப் பார்த்த வாசலில் மாலை வெயில் விழும் இடத்தைத் தவிருங்கள். வெயிலிலும் 940 நானோமீட்டர் ஒளி இருக்கிறது. அது சென்சாரின் எட்டும் தூரத்தைப் பெருமளவு குறைத்துவிடும். காலையில் எல்லாம் சரி, நாலு மணிக்கு மேல் எண்ணிக்கை குறைகிறது என்றால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள்.

கடைசியாக, வாசலில் ஆட்கள் நிற்கிற இடம் வேண்டாம். கையெழுத்துப் பதிவேடு, செருப்பு அலமாரி, அறிவிப்புப் பலகை இவை சென்சாருக்கு நேர் கீழே இருந்தால் அங்கே நின்று முன்னும் பின்னும் அசைபவர்களால் கணக்கு கெடும். அந்த மேசையை ஒரு மீட்டர் நகர்த்துவது மென்பொருளில் ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட மேல்.

வயரிங் எப்படி?

மாட்யூலின் எஸ்டிஏ என்ற தரவுக் காலைப் போர்டின் 21ஆம் பின்னிலும், எஸ்சிஎல் என்ற கடிகாரத் துடிப்புக் காலை 22ஆம் பின்னிலும் சேருங்கள். மின்சாரம் 3.3 வோல்ட் பின்னிலிருந்து, பிறகு கிரவுண்ட். சென்சாரை அணைக்க உதவும் எக்ஸ்ஷட் காலையும் ஒரு பின்னில் சேர்த்துவிட்டால் சென்சார் செயல்படாமல் உறைந்துபோகும்போது மென்பொருளே அதை அணைத்துப் போட முடியும்.

சென்சாரை வாசலிலும் போர்டை நான்கு மீட்டர் தள்ளி மேசையிலும் வைக்க வேண்டாம். எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்கள் வழியான இந்த ஐ2சி இணைப்பு நீளமான வயருக்காக உருவானதல்ல. அரை மீட்டரைத் தாண்டினால் சிக்னல் மழுங்கத் தொடங்கும். போர்டும் சென்சாரும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். நீளமாக இழுப்பது 5 வோல்ட் மின் வயரை மட்டும்.

சிப்பின் மேல் மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பெட்டியின் துளைக்குக் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியே ஒரு பொருளாகத் தெரியும். திறந்த துளையாகவே விட்டுவிடுவது எளிது.

ஒரே போர்டில் இரண்டு சென்சார் வைப்பதானால் கவனம்: இரண்டுக்கும் பிறவி முகவரி, அதாவது போர்டு அவற்றை அழைக்கும் எண், 0எக்ஸ்29தான். எக்ஸ்ஷட் மூலம் ஒன்றை அணைத்துவைத்து, மற்றதற்கு வேறு முகவரி கொடுத்து, பிறகு முதலாவதை எழுப்ப வேண்டும். மின்சாரம் போய்வந்தால் அந்தப் புது முகவரி மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு முறை போர்டு தொடங்கும்போதும் இதைச் செய்யுமாறு எழுதுங்கள்.

உள்ளே போகிறாரா வெளியே வருகிறாரா என்று எப்படித் தெரிகிறது?

16க்கு 16 கட்டத்தை நடக்கும் திசைக்குக் குறுக்கே வெட்டி 8க்கு 16 எனப் பாதிப்பாதியாக்குகிறோம். சென்சார் ஒரு முறை வெளிப்பாதியையும் அடுத்த முறை உள்பாதியையும் மாறி மாறி அளக்கும். எதிலும் ஆள் இல்லை என்றால் நிலை 0. வெளிப்பாதியில் மட்டும் என்றால் 1. உள்பாதியில் மட்டும் என்றால் 2. இரண்டிலும் என்றால் 3. ஒருவர் உள்ளே போனால் 0, 1, 3, 2, 0 என்ற வரிசை வரும். வெளியே வந்தால் 0, 2, 3, 1, 0. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் 0, 1, 3, 1, 0 என்று வரும், அதை எண்ணக் கூடாது.

முழு வரிசையும் முடிந்து 0க்கு வந்த பிறகே எண்ணுங்கள். முன்கூட்டி எண்ணினால் வாசலில் நின்று பேசுகிறவர் உங்கள் கணக்கைக் கலைத்துவிடுவார்.

உங்கள் எண்கள் தலைகீழாக வந்தால், அதாவது யாராவது நுழையும்போது ஒன்று குறைந்தால், பெட்டியைக் கழற்ற வேண்டாம். மென்பொருளில் இரு பாதிகளையும் மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் நிலை நேராக 3 ஆகி உடனே 0 ஆனால் சென்சார் 90 டிகிரி திரும்பியிருக்கிறது. அதற்கு மட்டும் ஏணி ஏற வேண்டும்.

எவ்வளவு வேகமாக அளக்க வேண்டும்? அமைப்புகளில் என்ன எண் போடுவது?

1.05 மீட்டர் தூரத்தில் இரு பாதிகளின் மையங்களுக்கு இடையே 17 சென்டிமீட்டர்தான். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார். அந்த இடைவெளியை அவர் ஒரு நொடியின் ஏழில் ஒரு பங்கில், அதாவது 145 மில்லிநொடியில் தாண்டிவிடுவார். ஓர் அளவுக்கு 33 மில்லிநொடி வைத்தால் இரு பாதிக்கும் சேர்த்து, மாறும் நேரத்தோடு, 80 மில்லிநொடி ஆகும். நடப்பவரைப் பிடிக்கலாம், ஓடுகிறவர் தப்பிவிடுவார். 20 மில்லிநொடி வைத்தால் ஒரு சுற்று 50க்குள் முடியும்.

20 மில்லிநொடி இந்தச் சிப்பின் குறுந்தூர அளவு முறையில் மட்டும் கிடைக்கும். அதன் எல்லை சுமார் 1.3 மீட்டர். தரை தெரியாதே என்று பயப்பட வேண்டாம். தரை தெரிய வேண்டியதில்லை, ஆள் தெரிந்தால் போதும். குறுந்தூர முறை வெளிச்சத்தையும் நன்றாகத் தாங்கும். சிறு பிள்ளைகள் வரும் பள்ளியென்றால் மட்டும் நடுத்தர முறையும் 33 மில்லிநொடியும் வையுங்கள். 1 மீட்டர் உயரப் பிள்ளை 2.4 மீட்டர் சென்சாருக்கு 1.4 மீட்டர் தள்ளி இருக்கும், குறுந்தூர முறையில் அது எல்லைக்கு வெளியே.

ஆள் என்று கொள்ளும் வரம்பைத் தரையிலிருந்து யோசியுங்கள். பெரியவர்கள் மட்டும் வரும் இடத்தில் 1.2 மீட்டருக்குக் குறைவான உயரத்தை ஒதுக்கிவிடலாம். தள்ளுவண்டி, நாற்காலி, நாய் எல்லாம் தானாக விலகும். அதாவது 2.4 மீட்டர் சென்சாருக்கு 1,200 மில்லிமீட்டருக்குள் எதாவது தெரிந்தால் மட்டுமே ஆள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் உண்டென்றால் இந்த வரம்பைக் கட்டாயம் இறக்குங்கள். அவர்களை எண்ணாமல் விடும் கணக்கு எதற்கு?

ஒவ்வொரு அளவோடும் சென்சார் ஒரு நிலைக் குறியும் தரும். 0 என்றால் அளவு செல்லும். 7 என்றால் தொலைவில் இருப்பது அருகில் இருப்பதுபோலத் தவறாகத் தெரிகிறது என்று பொருள். 0 அல்லாத எதையும் "ஆள் இல்லை" என்று கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் தூர எண்ணை மட்டும் எடுப்பதால்தான் யாருமில்லாத அறையில் ஆள் ஏறுவதுபோன்ற வினோதங்கள் நடக்கின்றன.

இருவர் சேர்ந்து வந்தால்?

தோளோடு தோள் உரசி வந்தால் ஒருவராகத்தான் எண்ணப்படுவார்கள். 3 அடிக் கதவில் அது அரிது. முதுகோடு ஒட்டி ஒருவர்பின் ஒருவர் வந்தால் நிலை 0க்குத் திரும்பாமலேயே இருவரும் போய்விடுவார்கள். வகுப்பு முடிந்து மொத்தமாக வெளியேறும் ஐந்து நிமிடத்தில் இது அதிகம் நடக்கும். கவனியுங்கள்: உள்ளே வரும்போது தனித்தனியாக வந்தவர்கள் போகும்போது கூட்டமாகப் போகிறார்கள். அதனால் வெளியேற்றத்தில் பிழை கூடி, நாள் முடிவில் உள்ளே யாரோ மிச்சம் இருப்பதாகக் காட்டும். ஒரே சிப்பில் 8க்கு 8 எனத் தனித்தனித் தூரம் தரும் விஎல்53எல்5சிஎக்ஸ் சற்று உதவும். பார்வையும் மூலைக்கு மூலை 60 டிகிரிக்கு மேல். ஆனால் 8க்கு 8 முறையில் நொடிக்கு 15 அளவுதான் எடுக்கும், எண்ணும் மென்பொருளும் சிக்கலானது.

நாள் முழுக்கச் சேரும் பிழையை எப்படிச் சரிசெய்வது?

முதல் விதி: "உள்ளே இருப்பவர்" என்ற ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்து வைக்காதீர்கள். நுழைவு, வெளியேற்றம், திருத்தம் என மூன்று எண்களைத் தனித்தனியாகச் சேமியுங்கள். நுழைவில் வெளியேற்றத்தைக் கழித்துத் திருத்தத்தைக் கூட்டினால் வருவதுதான் திரையில் காட்டும் எண்.

கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யமாக்கும் அளவைத் திருத்தத்தில் எழுதுங்கள். வெறுமனே திரையில் மட்டும் 0 என்று மறைத்தால் உள்ளே கணக்கு மைனஸ் 4ல் நிற்கும். அடுத்து நான்கு பேர் வந்தும் திரை 0 என்றே சொல்லும். இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: கீழ்நோக்கிய பிழை இப்படிச் சரியாகிவிடும், மேல்நோக்கிய பிழை அப்படியே இருக்கும். அதனால் இரவில் கூடத்தைப் பூட்டும் நேரத்துக்கு அரை மணி கழித்துக் கணக்கைப் பூஜ்யமாக்கி, அந்த அளவையும் திருத்தத்தில் பதியுங்கள். நள்ளிரவு 12 மணிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டாம். இரவிலும் திறந்திருக்கும் கூடமென்றால் ஆட்கள் இருக்கும்போதே கணக்கு அழிந்துவிடும்.

அன்றாடத் திருத்தம் எவ்வளவு என்பதே உங்கள் அமைப்பின் நாடித்துடிப்பு. தினமும் 3, 4 என்று இருந்தது ஒருநாள் 25 ஆனால் வாசலில் ஏதோ மாறியிருக்கிறது.

அறை காலியாக இருப்பதை இன்னொரு சென்சார் மூலம் உறுதிசெய்யலாமா?

செய்யலாம், நல்ல யோசனை. பிஐஆர் வேண்டாம், அசையாமல் படிப்பவர்களைத் தவறவிட்டு, ஆட்கள் இருக்கும்போதே பூஜ்யமாக்கிவிடும். எல்டி2410 போன்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல் சிறு அசைவையும் உணரும். நம் ஊரில் அதற்கு ஒரே எதிரி மின்விசிறி. ஓடும் விசிறி அதற்கு எப்போதும் ஆள்தான். ரேடாரைக் கூரையில் வைக்காமல் சுவரில் விசிறிக்குக் கீழே, விசிறியைப் பார்க்காதவாறு வையுங்கள். தூரத்தை 0.75 மீட்டர் கொண்ட பகுதிகளாகப் பிரித்து உணர்திறனைத் தனித்தனியே குறைக்கும் வசதி அதில் உண்டு. விசிறியும் திரைச்சீலையும் இருக்கும் பகுதிகளில் குறையுங்கள். 20 நிமிடம் தொடர்ந்து எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள்.

கரியமில வாயு அளவைக் கொண்டு ஆட்களை எண்ணலாமா?

எண்ண முடியாது, கணக்கைச் சரிபார்க்கலாம். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நொடிக்குச் சுமார் 0.005 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 200 கன மீட்டர் அறையில், கதவு சன்னல் எல்லாம் அடைத்து, 30 பேர் ஒரு மணி நேரம் இருந்தால் 540 லிட்டர் சேரும். அது சுமார் 2,700 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) ஏற்றம். வெளிக்காற்றில் இருப்பதே 420 பிபிஎம் அளவில்தான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிராக்கிச் சுற்றும். ஆகவே அடைத்த ஏசி அறையில் படிப்பவர்களுக்கு மதியத்தில் தலை கனப்பதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. ஆள் எண்ணிக்கை 30ஐத் தாண்டினால் சன்னலைத் திறக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பை இந்த அமைப்பிலேயே வைத்துவிடுங்கள். மொத்த வேலைக்கும் அது ஒன்றே பலன் தரும்.

சன்னல் திறந்த, விசிறி ஓடும் அறையில் இந்த அளவு எதையும் சொல்லாது. வாங்குவதானால் எஸ்சிடி40 போன்று கரியமில வாயுவை நேரடியாக அளப்பதை வாங்குங்கள். மலிவான எம்க்யூ135 பல வாயுக்களுக்கும் பொதுவாக அசைந்து கொடுப்பது, இந்த வேலைக்கு ஆகாது.

மின்தடையோ வைஃபை தடையோ வந்தால் கணக்கு என்னவாகும்?

"ஒருவர் வந்தார்" என்று செய்தி அனுப்புவதுபோல் எழுதியிருந்தால் கெட்டுவிடும். தடையின்போது சில செய்திகள் தொலையும், சில இரண்டு முறை வந்து சேரும். இதற்குப் பதில் "இதுவரை மொத்த நுழைவு 343, மொத்த வெளியேற்றம் 337" என்று மொத்தத்தையே ஒவ்வொரு முறையும் அனுப்புங்கள். ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்தது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

மொத்தங்களைப் போர்டின் நிலையான நினைவகத்திலும் எழுதிவையுங்கள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் எழுதினால் நினைவகம் தேயும். மாறியிருந்தால் மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். போர்டையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. போர்டு இணைப்பை இழந்தால் திரையில் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்காமல் "தொடர்பில்லை" என்று தெரியட்டும்.

இரண்டு மூன்று கதவுகள் இருந்தால்?

எல்லாக் கதவின் நுழைவையும் கூட்டி, எல்லாக் கதவின் வெளியேற்றத்தையும் கழியுங்கள். ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டால் மற்றவற்றின் கணக்கும் வீண். அபூர்வமாகத் திறக்கும் பின்கதவைப் பூட்டிவைத்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அவசர வழியைப் பூட்டக் கூடாது. அங்கேயும் ஒரு சென்சார் வையுங்கள்.

சரியாக எண்ணுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒரே ஆளை வைத்து: மெதுவாக 20 முறை, வேகமாக 20 முறை, இடது ஓரமாக, வலது ஓரமாக, பாதியில் திரும்பி, வாசலில் அரை நிமிடம் நின்று, விரித்த குடையோடு, தலைக்குமேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. எதில் தவறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு நெரிசல் நேரத்தில் ஒருவர் நுழைவையும் மற்றவர் வெளியேற்றத்தையும் கையால் எண்ண வேண்டும். குறைந்தது 200 கடத்தல்கள். நுழைவுப் பிழையையும் வெளியேற்றப் பிழையையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் 3 சதவீதமாக இருந்தால் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒன்று 1, மற்றது 3 என்றால் நாள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

இது ஆட்களைக் கண்காணிப்பதாகாதா?

தூர அளவி படம் எடுப்பதில்லை. யார் என்று அதற்குத் தெரியவும் வழியில்லை. ஆனாலும் வாசலில் "உள்ளே இருப்போர் எண்ணிக்கை அறியச் சென்சார் உள்ளது, படம் எடுப்பதில்லை" என்று தமிழில் ஒரு பலகை வைத்துவிடுங்கள். கறுப்புப் பெட்டி ஒன்று தலைக்குமேல் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. கேமரா வகைச் சென்சார் வைத்து முகம் தெரியும் படங்களைச் சேமித்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாட்டிய பிறகு என்ன பராமரிப்பு?

மாதம் ஒருமுறை துளையைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். சிலந்தி நூல் ஒன்று துளையின் குறுக்கே ஓடினால் போதும், சில மில்லிமீட்டரில் ஏதோ இருப்பதாகக் காட்டி எண்ணுவது நின்றுவிடும். பெட்டியின் சூட்டுக்கு இரவில் பல்லியும் வந்து ஒட்டும். 100 மில்லிமீட்டருக்குள் தொடர்ந்து 10 நிமிடம் ஏதாவது தெரிந்தால் அலைபேசிக்குச் செய்தி வரும்படி வையுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாவிலைத் தோரணம் கட்டும்போது சென்சாருக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆடும் தோரணம் ஒரு நாளில் ஆயிரம் பேராகிவிடும். வெள்ளையடித்தாலும், கதவை மாற்றினாலும், வாசலில் மிதியடி அலமாரி வந்தாலும் அந்த 20 நடைச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள்.